இரண்டு கை மாவு

லூர்துமேரியின் வீட்டில் சப்பாத்திக் கட்டை கிடையாது. கல்யாணமாகி மரக்காணத்துக்கு வந்த நாளிலிருந்து கிடையாது. அதனால் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா ஒருவர், "உங்க வீட்டுக்காரருக்கு இனிமே கோதுமை ஆகாது, ஒரு துளிகூட உள்ளே போகக் கூடாது" என்று சொன்னபோது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

"அவ்ளோதானாம்மா? நாங்க கோதுமையே துன்றதில்லியே. சோறுதான் எங்களுக்கு."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "இன்னிக்குக் காலையில என்ன குடுத்தீங்க?"

"ரவைக் கஞ்சி."

"நேத்து?"

"பன்னு. டீயில தோச்சி."

"வயித்தால போறப்பல்லாம் என்ன குடுப்பீங்க?"

"பிரெட்டுதாம்மா. இல்லாட்டி ரஸ்க்கு. ஒடம்பு சரியில்லாதவங்களுக்கு வேற இன்னா குடுப்பாங்க?"

"ரவை, பன்னு, பிரெட்டு, ரஸ்க்கு எல்லாமே கோதுமைதாம்மா."

பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஆரோக்கியராஜ், எலும்பு துருத்திய தோளைக் குலுக்கிச் சிரித்தான். "அப்போ ஒரு வருசமா இவதான் எனக்கு வெஷம் வெச்சிருக்கா. போலீஸ்ல சொல்லிடலாமா டாக்டரம்மா?"

லூர்துமேரி சிரிக்கவில்லை. அவன் மெலிய மெலிய இன்னும் ஒரு துண்டு பிரெட், இன்னும் ஒரு டம்ளர் ரவைக் கஞ்சி என்று ஊட்டியவள் அவள்தான். அது இரண்டாயிரத்து நாலாம் வருஷம் ஆடி மாசம்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். குடலின் உட்புறம் குளிக்கிற துண்டு மாதிரி நூல் நூலாக எழும்பி நிற்குமாம். சாப்பாட்டின் சத்தை உறிஞ்சுவது அந்த நூல்கள்தானாம். சிலருக்குக் கோதுமை பட்டாலே அவை தேய்ந்துபோகும். தேய்ந்த குடலில் எதைப் போட்டாலும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். கோதுமையை அடியோடு நிறுத்தினால் நூல் திரும்ப முளைக்கும். பெருங்காயத்தில்கூட மைதா கலக்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வீட்டுக்கு வந்ததும் லூர்துமேரி பெருங்காய டப்பாவைத் தூக்கி எறிந்தாள். ரவை டப்பாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்தாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கோதுமைதான் ஆரோக்கியராஜுக்குச் சோறு போட்டது. ஆரோவில் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் சமையல் வேலை அவனுக்கு. பொம்மையார்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடைக்குப் பின்னால் பூட்டி வைத்திருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு செம்மண் ரோட்டில் மேலே மிதித்துப் போவான். அங்கே காலையில் ரொட்டி, மதியம் ரொட்டி, ராத்திரியும் ரொட்டி. மிஞ்சியதெல்லாம் சமையல்காரர்களுக்கு.

அவன் கையில் பேர் எடுத்த அயிட்டம் ஒன்று இருந்தது. எலும்பில்லாத கறியை மெல்லிசாகச் சீவி, கத்தியின் முதுகால் தட்டித் தட்டி உள்ளங்கை அகலத்துக்கு விரித்து, உப்பும் மிளகும் தடவி, மாவில் புரட்டி, முட்டையில் முக்கி, ரஸ்க் தூளில் அழுத்தி எண்ணெயில் போட்டு எடுப்பது. வெள்ளைக்காரர்கள் அதற்கு ஒரு பேர் சொன்னார்கள். அது அடுக்களையில் யார் வாயிலும் நுழையவில்லை. அடிச்ச கறி என்றே அங்கே அதற்குப் பேர். ஒரு தடவை வீட்டுக்குப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தான். பஸ்ஸில் வந்ததில் அது நமத்து, ஈரத் துணி மாதிரி ஆகிவிட்டது. லூர்துமேரி நல்லாத்தான் இருக்குது என்று தின்றாள். அவன் தலையில் அடித்துக்கொண்டான். "இது செத்துப்போச்சு மேரி. ஆறினா போச்சு. சட்டியிலேர்ந்து எடுத்த ஒடனே துன்னணும். பல்லு படுறப்ப சத்தம் கேக்கணும்."

அவள் உப்பளத்துக்காரி. வாருகிற பலகையால் பாத்தியில் உப்பை இழுத்துச் சேர்ப்பதும், கூடையில் அள்ளித் தலையில் சுமந்து கரையில் கொட்டுவதும்தான் அவளுக்குத் தெரிந்த வேலை. அடுக்களை என்றால் சோறும் ஒரு குழம்பும். நாக்கு விஷயமெல்லாம் அவனுடையது.

அவன் உடம்பு கரைய ஆரம்பித்தபோது ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. ஓயாத வயிற்றுப்போக்கு, ஒட்டிப்போன கன்னம், வெள்ளைக்காரர்கள் இருக்கிற இடத்தில் வேலை. வேறென்ன நோயாக இருக்கும்? யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. உப்பளத்தில் ஒரே குடத்திலிருந்து ஒரே டம்ளரில் தண்ணீர் குடித்துவந்த பெண்கள், ஒரு நாள் லூர்துமேரிக்கென்று ஒரு பிளாஸ்டிக் டம்ளரைத் தனியாக வைத்தார்கள். வைத்தவள் அமராவதி. அடுத்த வீட்டுக்காரி, லூர்துமேரியோடு ஒரே பாத்தியில் வாருகிறவள்.

"தப்பா நெனைக்காத மேரி. உன் நல்லதுக்குத்தான். ஒனக்கு வேற யார்கிட்டேர்ந்தாவது சளி ஒட்டிக்கிச்சின்னா நீ அவர எப்படிப் பாப்ப?"

"ரொம்ப அக்கறைதான் ஒனக்கு" என்று சொல்லி அந்த டம்ளரிலேயே குடித்தாள் லூர்துமேரி.

ஆஸ்பத்திரியில் அந்த நோய்க்கும் ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தார்கள். ஒன்றுமில்லை என்று டாக்டரம்மாவே சொன்னார். ஆனால் அதை அவள் ஊரில் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லப்போனால் சோதித்துப் பார்த்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். சோதித்தார்கள் என்றாலே ஊருக்குப் போதும். கோதுமை ஆகாத நோய் என்று சொன்னால் கை கொட்டிச் சிரிப்பார்கள், மறைக்கத் தெரியாமல் மறைக்கிறாள் என்பார்கள். அதனால் யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "வயித்துப் புண்ணு. காரம் ஆகாது."

சோறு, மீன், முட்டை, அரிசி மாவில் இடியாப்பம், புட்டு, கஞ்சி என்று அந்த ஐப்பசி, கார்த்திகை ஓடியது. டாக்டரம்மா சொன்ன குடல் துண்டில் நூல் முளைக்கத்தான் செய்தது. கிறிஸ்துமஸுக்கு ஆரோக்கியராஜ் தொளதொளவென்ற பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, யார் தோளையும் பிடிக்காமல் கோயிலுக்கு நடந்து போனான். வருஷம் பிறந்ததும் வேலைக்கு வருகிறேன் என்று விடுதிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டான்.

மறுநாள் காலையில் கடல் வந்தது.

அவர்கள் தெரு உள்ளே தள்ளி இருந்ததால் தப்பியது. கழிமுகம் வழியாக ஏறிய தண்ணீர் உப்பளத்தை மூடிச் சேற்றை இறக்கிவிட்டுப் போயிற்று, அதை அள்ளித் திரும்பப் பாத்தி கட்டவே தை முடிந்தது. எக்கியார்குப்பம் பக்கத்திலிருந்து பிணங்களை எடுத்துவந்தார்கள். உயிரோடு வந்தவர்களைப் பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். ஆரோக்கியராஜ் வீட்டில் உட்காரவில்லை. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் அண்டா வைத்து, கரண்டி பிடித்து, ஊருக்கே சோறு கிண்டினான். அந்த நேரத்தில் அவன் கைச் சோற்றை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊருக்குப் பசி. அவன் கூட்டத்துக்குச் சமைத்தது அதுதான் கடைசி.

பிறகு லாரிகள் வந்தன. போர்வை, பக்கெட், பழந்துணி, பிஸ்கெட், கூடவே கோதுமை. வடக்கே எங்கிருந்தோ யாரோ நல்ல மனசோடு அனுப்பியது. வீட்டுக்கு ஒரு மூட்டை. அரிசி தின்கிற கரையில் அத்தனை கோதுமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. மாவாக்கிக் கஞ்சி வைத்தார்கள், தோசை ஊற்றினார்கள், வெல்லம் போட்டுக் கிண்டினார்கள். லூர்துமேரி தன் பங்கு மூட்டையை வாசற்படி ஏற விடவில்லை. அப்படியே அமராவதி வீட்டுக்குத் தள்ளிவிட்டாள்.

"ஏன்டி, ஓசியில வந்தத வேணாங்கற?"

"எங்களுக்குப் புடிக்கல."

"பெரிய எடம்" என்றாள் அமராவதி. ஆனாலும் மூட்டையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

ஊரில் மாவு மில் வைத்திருந்தவர் பக்கீர் முஹம்மது. எல்லாருக்கும் பாய். மில்லில் இரண்டு மிஷின், ஒன்று மிளகாய்க்கு, இன்னொன்று மாவுக்கு. லூர்துமேரி ரேஷன் அரிசியைக் களைந்து காயவைத்துத் தூக்கில் எடுத்துப்போய் வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். வேலை முடிந்து வரும்போது அரைத்த மாவைத் தூக்கோடு எடுத்து வருவாள். எத்தனையோ காலமாக அப்படித்தான்.

மாசி மாசத்திலிருந்து ஆரோக்கியராஜுக்குத் திரும்பவும் வயிற்றால் போக ஆரம்பித்தது.

முதலில் அவள் பயப்படவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு அப்படி இருந்தது, தண்ணீர் கெட்டிருந்தது. கொதிக்கவைத்த தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து வாய் வாயாகக் கொடுத்தாள். மற்றவர்களுக்கு நின்றது. இவனுக்கு நிற்கவில்லை. பங்குனியில் அவன் வேலைக்குப் போகும் பேச்சை விட்டான். சித்திரையில் கட்டிலை விட்டு இறங்குவதை விட்டான். சோறு இறங்கவில்லை என்று அவள் மாவுக் கஞ்சியைக் கூட்டினாள். காலையில் ஒரு டம்ளர், மதியம் ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர். அவன் தோளுக்குக் கீழே கையைச் சுற்றினால் அவள் கட்டைவிரலும் நடுவிரலும் தொட்டுக்கொண்டன. பிட்டத்தில் தோல் சிவந்தது. பழைய புடவையைக் கிழித்து மடித்துப் போட்டு, வேலைக்குப் போகும் முன் ஒரு பக்கம், வந்ததும் மறுபக்கம் என்று திருப்பிப் படுக்க வைத்தாள். புண் ஆகவிடவில்லை. அந்த மட்டும் அவள் கைக்கு அடங்கியது.

டாக்டரம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். "கோதுமை உள்ள போகுதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எந்த ரூபத்திலயாவது?"

"மாதா மேல சத்தியமா இல்லம்மா. ஊரே துன்னுது. நான் வீட்டுக்குள்ள விடல."

அவள் சத்தியம் செய்ததால் டாக்டரம்மா நம்பினார். கோதுமை இல்லாமலே குடல் இப்படி எரிகிறது என்றால் நோய் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம் என்றார். சாப்பிடச் சாப்பிட முகம் ஊதுகிற மாத்திரை ஒன்றைக் கொடுத்தார். இதைச் சாப்பிடும்போது சளி, காய்ச்சல் அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உடம்பு எதிர்த்து நிற்காது என்று எச்சரித்தார்.

ஆனியில் ஒரு காலை ஆரோக்கியராஜ் கஞ்சி டம்ளரைத் தள்ளிவிட்டான்.

"இன்னும் ஒரு வாயி இதக் குடுத்த, ஒம்மேலயே துப்பிடுவேன்."

"பின்ன இன்னா துன்னுவ?"

"அடிச்ச கறி."

"எழுந்து ஒக்காரவே முடியல. இதுல இவருக்கு எண்ணெயில பொரிக்கணுமாம்."

"பொரிச்சுக் குடுத்தா எழுந்து ஒக்காருவேன். பந்தயம்."

அந்த நிலையில் எண்ணெய்ப் பண்டம் கொடுப்பது சரியல்ல. ஆனால் வாய்க்குள் போகாத கஞ்சியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? டாக்டரம்மாவிடம் கேட்டாள். "எது இறங்குதோ அதைக் குடுங்கம்மா. கறி நல்லதுதான், எண்ணெயை நல்லா ஒத்தி எடுத்துடுங்க. கோதுமை மட்டும் வேணாம்" என்றார்.

பாய்மார் கறிக்கடையில் எலும்பில்லாத கோழி நெஞ்சுக் கறி வாங்கி வந்தாள். கட்டிலை அடுப்படி வாசலுக்கு இழுத்துப் போட்டாள். அவன் படுத்துக்கொண்டே மேஸ்திரி வேலை பார்த்தான்.

"அடி. இன்னும் அடி. கறியத்தான் அடிக்கச் சொன்னேன், அம்மிய இல்ல. நடுவுலேர்ந்து ஓரத்துக்குத் தள்ளி அடிக்கணும்."

"ஒன் வாயி மட்டும் ஒல்லியாவல."

ரஸ்க் தூளுக்குப் பதில் அரிசி மாவு. மாவில் புரட்டி, முட்டையில் முக்கி, திரும்பவும் மாவில் அழுத்தி எண்ணெயில் விட்டாள். அவன் கண்ணை மூடிக் காதைக் கொடுத்துக் கேட்டான்.

"சத்தம் சரியில்ல. எண்ணெ காஞ்சிதா?"

"காஞ்சிது."

"அதுக்குள்ள ஏன் எடுக்கற?"

"செவந்திடுச்சி."

அவன் கண்ணைத் திறந்தான். "காட்டு."

அவள் தட்டை நீட்டினாள். அவன் விரலால் தொட்டான், நகத்தால் கீறினான், ஓரத்தைப் பிய்த்து நசுக்கிப் பார்த்தான். வாயில் வைக்கவில்லை.

"அரிசி மாவு இவ்ளோ சீக்கிரம் செவக்காது மேரி. வெள்ளையா நிக்கும், கல்லு மாதிரி இருக்கும். இது மெத்து மெத்துன்னு இருக்குது. மாவு டப்பாவ எடு."

ஒரு பிடி மாவில் துளித் தண்ணீர் விட்டுப் பிசைந்தான். பத்துப் பன்னிரண்டு வருஷம் மாவு பிசைந்த கை, அந்த மெலிவிலும் விரல் மறக்கவில்லை. உருண்டையை இரண்டு கையிலும் பிடித்து இழுத்தான். அரிசி மாவாக இருந்திருந்தால் பொடுக்கென்று உடைந்திருக்கும். இது உடையவில்லை. ஜவ்வு மாதிரி கொஞ்சம் இழுபட்டு, பிறகுதான் விட்டது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கோதுமை" என்றான் அவன். "கொஞ்சமா இல்ல, நல்லா கெடக்குது."

ரேஷன் அரிசி என்றால் பழுப்பாகத்தான் இருக்கும். அதனால் மாவின் நிறத்தை அவள் சந்தேகப்பட்டதே இல்லை. டப்பாவை மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு மில்லுக்கு நடந்தாள்.

மில்லில் கூட்டம். பட்டை சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பாய் தலையில் கட்டிய துண்டும் புருவமும் வெள்ளையாக, மிஷின் வாயில் கோதுமையைக் கொட்டிக்கொண்டிருந்தார். கோதுமைதான். அவள் அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அதே மிஷினில்தான் தன் அரிசியும் போகிறது என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. ஆனால் மிஷினில் ஒட்டியிருப்பது இந்த அளவுக்கு இழுக்காது என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"பாய், என் மாவுல வேற இன்னா இருக்குது?"

பாய் சிரித்தார். திருட்டுத்தனம் பிடிபட்ட சின்னப்பிள்ளைச் சிரிப்பு. அவள் காதருகே குனிந்து சொன்னார்: "கண்டுபுடிச்சிட்டியா? நீ ரோசக்காரி, குடுத்தா வாங்க மாட்டேன்னுதான் சொல்லாம போட்டேன்."

"இன்னா போட்டீங்க?"

"கோதுமைதாம்மா. எங்க வீட்டுக்கு வந்த மூட்டை. எங்க வீட்டம்மா, உன் பாபி, நல்லா பொறுக்கிக் காய வெச்சது, கலப்படம் இல்ல. மொதல்ல ரெண்டு கை போட்டேன். ஆரோக்கியம் எறங்கிக்கினே போறானேன்னு அப்பறம் நாலு கை, அஞ்சு கை. சக்கரை இருக்கறவங்களுக்கு டாக்டரே கோதுமைதான துன்னச் சொல்றாரு. வெறும் அரிசியில இன்னா சத்து இருக்குது?"

லூர்துமேரி டப்பாவைக் கீழே வைத்தாள்.

"மிஷின நிறுத்துங்க பாய்."

"இன்னா?"

"நிறுத்துங்க."

பட்டை சுற்றி நின்றது. அத்தனை பேரும் திரும்பினார்கள். வரிசையில் மூன்றாவதாக அமராவதி நின்றுகொண்டிருந்தாள், காலடியில் கோதுமைப் பை.

"அவருக்குக் கோதுமைதான் நோயி" என்றாள் லூர்துமேரி. "பாண்டிச்சேரியில கொடலக் கிள்ளி எடுத்துப் பாத்துச் சொன்னாங்க. ஒரு துளி போனாலும் கொடலு தேஞ்சிடும். நீங்கல்லாம் நெனைக்கிற நோயி இல்ல, அதுக்கும் பாத்துட்டாங்க. கோதுமைதான்."

சொல்லி முடித்ததும் இவ்வளவுதானா என்று இருந்தது. இதைச் சொல்லாமல் இருக்கத்தான் ஒரு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு திரிந்தாள்.

யாரோ தொண்டையைச் செருமினார்கள். "கோதுமை துன்னு செத்தவன எங்கனா பாத்திருக்கீங்களா?" என்றாள் அமராவதி பக்கத்தில் நின்றவளிடம். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் மிஷின் நின்றிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

பாய் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். மாவு. லுங்கியில் துடைத்தார், லுங்கியிலும் மாவு.

"யா அல்லா" என்றார். பிறகு, "வயித்துப் புண்ணுன்னு சொன்னியேம்மா."

"ஆமா பாய். அப்படித்தான் சொன்னேன்."

டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வழியில் வாய்க்காலில் மாவைக் கொட்டினாள். மீன் கூட்டம் வந்து தின்றது.

ஆரோக்கியராஜ் எல்லாம் கேட்டுக்கொண்டான். "போன வாரம்கூட என் தலமாட்டுல ஒக்காந்து துவா ஓதிட்டுப் போனாரே. வாயில துவா, கையில கோதுமை. கெட்டிக்காரருதான்."

"சிரிக்கற விசயமாய்யா இது?"

"அவர ஒண்ணும் சொல்லாத மேரி." சிரிப்பு போய்விட்டது. "இந்தத் தெருவுல என் கட்டில்ல ஒக்காந்தவரு அவரு ஒருத்தருதான்."

அன்றிலிருந்து அவள் மில் பக்கம் போகவில்லை. பழைய உரலைக் கழுவிக் காயவைத்து, ஊறவைத்த அரிசியை வீட்டிலேயே இடித்துச் சலித்தாள். சலித்ததில் கறியைப் புரட்டிப் பொரித்துப் பார்த்தாள். இது வெள்ளையாக நின்றது. கடித்தால் கல்.

"பல்லு போயிடும்" என்றான் அவன். "ரஸ்க்குத் தூளு ஏன் மொறுமொறுன்னு வருது? அது ஒரு தடவ வெந்து காஞ்சது. பச்ச மாவுல அது வராது. வெந்து காஞ்சது எதுனா வேணும்."

வெந்து காய்ந்தது. உப்பளத்துக்காரிக்குக் காயவைப்பதைச் சொல்லித்தரவா வேண்டும்? மீந்த சோற்றை உப்பு போட்டுப் பிசறி, மூங்கில் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, மேலே வலைத்துணி கட்டி உப்பளத்துக்கே எடுத்துப்போனாள். வெள்ளைப் பாத்திகளுக்கு நடுவே மேலிருந்தும் கீழிருந்தும் அடிக்கிற வெயிலில் அது சீக்கிரமே கலகலவென்று காய்ந்தது. அமராவதி தட்டையும் பார்த்தாள், அவளையும் பார்த்தாள்.

"இது இன்னா, வத்தலா?"

"ஆமா. ஆளக் கொல்லாத வத்தலு."

அமராவதி குனிந்து உப்பை வார ஆரம்பித்தாள். பிளாஸ்டிக் டம்ளர் தனியாகவே இருந்தது.

காய்ந்த சோற்றை மாவாக்காமல் குருணையாக இடித்தாள். கறியை அடித்து விரித்து, முதலில் அரிசி மாவு, பிறகு முட்டை, அதன்மேல் இந்தக் குருணையை உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினாள். கொஞ்ச நேரம் அப்படியே விடச் சொன்னான் அவன், இல்லையென்றால் சட்டியில் உதிர்ந்துவிடுமாம். புது எண்ணெய், நன்றாகக் காய்ந்தது. உள்ளே விட்டதும் குருணை ஒவ்வொன்றும் பொரிந்து மேலே எழும்பியது. சடசடவென்ற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

"ஆங்" என்றான் அவன் கட்டிலில் இருந்தபடி. "இதான்."

எண்ணெயைத் துணியில் ஒற்றி, ஆறும் முன் கொடுத்தாள். அவன் சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து கடித்தான். சத்தம் கேட்டது. மெதுவாக மென்று முழுசையும் தின்றான்.

"பந்தயத்துல ஜெயிச்சிட்டேன். ஒக்காந்துட்டேன் பாரு."

"பெரிய சாதனை. உப்பு எப்படி?"

"ஒரு கல்லு கம்மி. உப்பளத்துக்காரின்னு பேரு."

அதன்பின் நாள்தோறும் ஒன்றோ இரண்டோ கேட்டான், உரல் மாவுக் கஞ்சியும் குடித்தான். ஆடி பிறந்தபோது போக்கு நின்று கெட்டிப்பட்டது. பெட் பேன் கழுவுகிறவளுக்குத்தான் அது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும். ஆஸ்பத்திரி எடை மிஷினில் முள் முதல் தடவையாகக் கொஞ்சம் மேலே ஏறி நின்றது. மில் விஷயத்தை அவள் சொன்னாள். டாக்டரம்மா பழைய சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "அப்போ கோதுமைதான். வேற ஒண்ணும் இல்ல" என்றார் கடைசியில். "இது முன்னாடியே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். முகம் ஊதுகிற மாத்திரையை உடனே நிறுத்த முடியாது, மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும் என்றார்.

மாத்திரை குறைந்து முடிவதற்குள் மழை வந்தது. ஊரில் எல்லாருக்கும் வந்த சளிக்காய்ச்சல்தான். மற்றவர்கள் மிளகு ரசம் குடித்து எழுந்து போனார்கள். ஆரோக்கியராஜுக்கு அது நெஞ்சுக்குள் இறங்கியது. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்தார்கள். குழாயோடே ஏதோ சொன்னான். குனிந்து கேட்டாள்.

"குருணை தீந்துடுச்சா?"

"இருக்குது. ஒரு டப்பா இருக்குது. வந்து துன்னு."

தலையாட்டினான். விடிவதற்குள் போய்விட்டான். பிட்டத்தில் ஒரு புண்கூட இல்லாத உடம்பு அது. குளிப்பாட்ட வந்த ஆயா ஆச்சரியப்பட்டாள்.

ஊரில் அவனைத் தொட்டுத் தூக்க ஆள் குறைவாக இருந்தது. வாயில் கைக்குட்டை கட்டிக்கொண்டு சிலர் வந்தார்கள். பெட்டியின் ஒரு முனையைப் பக்கீர் முஹம்மது பிடித்தார். முகத்தில் எதுவும் கட்டவில்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில் பெட்டியைக் கைமாற்றிவிட்டு வெளியே நின்றுவிட்டார். லூர்துமேரி மண் போட்டுத் திரும்பியபோது அவர் அங்கே இல்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. சோறு, குழம்பு, கோழி. அதே பாய்மார் கடைக் கோழி. மீதமிருந்த டப்பாக் குருணையை எடுத்து அடிச்ச கறியும் பொரித்தாள். தெருவில் எல்லாரையும் கூப்பிட்டிருந்தாள். அமராவதி வாசலில் நின்று, வீட்டில் வேலை இருக்கிறது என்று வாழைப்பழம் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள். உறவுக்காரர்கள் சோற்றைத் தின்றார்கள். அவன் நோயில் தின்றது என்று அடிச்ச கறியை மட்டும் தொடவில்லை. இலை ஓரத்தில் ஒதுக்கிவிட்டு எழுந்தார்கள்.

எல்லாரும் போனபின் பாய் வந்தார். தலை குளித்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மாவு எங்கேயும் இல்லை. வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க பாய்."

உள்ளே வந்து, கட்டில் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டுக் கீழே உட்கார்ந்தார். லூர்துமேரி இலை போட்டாள். அடுப்பில் எண்ணெய் இன்னும் சூடாகத்தான் இருந்தது. கடைசித் துண்டைப் புதிதாகப் பொரித்து எடுத்து, ஒற்றி, இலையில் வைத்தாள்.

அவர் அதைத் தொடவில்லை. இலையைக் காட்டிக் கேட்டார். "இதுல இன்னா மாவும்மா?"

"சோறு பாய். காய வெச்சு வீட்டுலயே இடிச்சது."

அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இலையையே பார்த்தார். தோள் குலுங்கியது. அவர் அழுது முடிக்கட்டும் என்று அவள் கொஞ்ச நேரம் விட்டாள். அவர் முடிப்பதாக இல்லை. இலையில் கறி ஆறிக்கொண்டிருந்தது.

"சாப்பிடுங்க பாய்" என்றாள் லூர்துமேரி. "ஆறினா போச்சு."